கடைசி அறைக்கு வந்து சேர்ந்த செய்தி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் இரத்த அழுத்தமும், நீங்கள் வளர்க்கும் அந்தக் கோபக்காரப் பூனையும் ஒழுங்காக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். போனில் பேசக்கூடாதா, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். உங்களிடம் போனில் பேசிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஆகிற காரியம் இல்லை. "சுருக்கமா சொல்லுங்க சம்பந்தி" என்பீர்கள். நான் மூச்சை இழுத்து முதல் வாக்கியத்தின் பாதிக்கு வருவதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்ட சத்தம் கேட்கும். மின்சார இலாகாவில் பெரிய என்ஜினீயராக இருந்தவர், எதையும் சட்டென்று அணைத்தே பழக்கப்பட்டவர். கடிதத்தை அப்படி அணைக்க முடியாது. வேண்டுமானால் மடித்து வைக்கலாம், ஆனால் மடித்து வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் மருந்துக் கிடங்குக்காரர்கள் எங்கள் காளான் பண்ணைக்கு வருகிறார்கள். காளான் வாங்குவதற்கு அல்ல, உங்கள் மகள் செய்து மாட்டியிருக்கும் வயர்லெஸ் பெட்டிகளைப் பார்ப்பதற்கு. அவர்களுக்குப் பிடித்துப்போனால், அவர்களுடைய கிடங்குகள் எல்லாவற்றிலும் அவள் பெட்டிதான் தொங்கும். அன்றைக்கு நீங்கள் வந்து அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. அவள் கேட்கச் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து அது வராது என்பது உங்களுக்கே தெரியும், அந்தப் பிடிவாதம் எங்கள் பக்கத்துச் சீதனம் இல்லை.

கடைசியாக எங்கள் கூடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. உங்கள் இலாகாவிலேயே அவளுக்கு ஒரு நல்ல வேலையைப் பிடித்துக் கொடுத்தீர்கள். அதை அவள் விட்டுவிட்டேன் என்று சொன்னதும், "ஊருக்கே வெளிச்சம் குடுத்த கைம்மா இது. என் பொண்ணு சட்டைப் பட்டன் சைஸ் பேட்டரியை வச்சுக்கிட்டு காளானுக்குக் காய்ச்சல் பார்க்கப் போறாளா?" என்று கேட்டீர்கள். அதற்கு அவள், "உங்ககிட்ட கரண்ட் கொட்டிக் கிடந்துச்சுப்பா, அள்ளிக் குடுத்தீங்க. கொஞ்சூண்டு கரண்டை வச்சுக்கிட்டு சமாளிச்சுப் பாருங்க, அப்போ தெரியும்" என்றாள். எனக்கு இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுவதுபோல் இருந்தது, அதனால் யார் பக்கமும் பேசாமல் பிஸ்கட் தட்டை உங்கள் பக்கம் நகர்த்தினேன். நீங்கள் பிஸ்கட்டையும் தொடவில்லை, டீயையும் குடிக்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்குத் தகவல் இல்லை.

எங்கள் பண்ணையை நீங்கள் உள்ளே வந்து பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். இது பழைய பிஸ்கட் தொழிற்சாலை. ரயில் பெட்டிகள்போல ஒன்றையொட்டி ஒன்றாக அறைகள், எல்லாம் அடுப்புச் சூடு வெளியே போகக்கூடாது என்று கட்டின தடித்தடிச் சுவர்கள். ஒரு கோடியில் எங்கள் வீட்டுச் சமையலறை, மறுகோடியில் கடைசி அறை. நடுவே இருக்கிற தூரம் என் முழங்காலுக்குத்தான் சரியாகத் தெரியும். காளான் இருக்கிறதே, அது மகா செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை மாதிரி, சூடு கொஞ்சம் ஏறினாலும் ஈரம் கொஞ்சம் இறங்கினாலும் மூஞ்சியைச் சுருக்கிக்கொள்ளும். அறைக்கு அறை வயர் இழுத்துப் பார்த்தோம். பாதியை ஈரம் தின்றது, மீதியை எலி தின்றது. அப்போதுதான் மருமகள் வந்து, "வயரே வேண்டாம் மாமா, என்கிட்ட விடுங்க" என்றாள்.

அறைக்கு ஒரு பெட்டி மாட்டினாள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே சூட்டையும் ஈரத்தையும் பார்க்கிற சென்சார், குட்டியாக ஒரு ரேடியோ, நீங்கள் கேலி செய்த அந்தப் பேட்டரி. கடைசி அறைப் பெட்டி தொண்டை கிழியக் கத்தினாலும் சமையலறைக்குக் கேட்காது. அதனால் அது பக்கத்து அறைப் பெட்டியிடம் சொல்லும், அந்தப் பெட்டி தனக்கு அடுத்ததிடம் சொல்லும், இப்படியே சுவர் சுவராகத் தாண்டி, சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தாய்ப்பெட்டிக்குச் செய்தி வந்து சேரும். அதன் திரையில் பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் ஓடு. நம் குடும்பங்களில் செய்தி பரவுகிற வழியேதான் இது. என்ன, இந்தப் பெட்டிகள் நடுவில் சொந்தமாக எதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

எல்லாம் மாட்டி முடித்துவிட்டு, "மாமா, இதெல்லாம் பெரும்பாலும் தூங்கிட்டுத்தான் இருக்கும்" என்றாள்.

"தூங்குமா?"

"ஆமா. அப்பப்போ கண்ணைத் திறந்து பார்க்கும், சொல்ல வேண்டியதைச் சொல்லும், திரும்பத் தூங்கிடும்."

"ஏம்மா, காவலுக்கு ஒரு ஆளை வைக்கிறோம், வந்த அன்னைக்கே நான் தூங்குவேன்னு சொல்றான். அவனுக்குச் சம்பளமும் குடுத்து தலகாணியும் குடுக்கணுமா?"

அவள் சிரித்துக்கொண்டே, "முழிச்சிருக்கிறதுதான் மாமா செலவே. ரேடியோ பேசறதுக்கு மட்டும் கரண்ட் ஆகலை. யாராவது பேசுவாங்களான்னு காதைத் தீட்டிக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கும் கிட்டத்தட்ட அதே கரண்ட் ஆகுது" என்றாள்.

நான் இதை நம்பவில்லை. ஆனால் அடுப்பருகே நின்றிருந்த என் வீட்டுக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவ சொல்றது நூத்துக்கு நூறு சரி. சமைக்கிறதுல என்ன அசதி? சமைச்சு வச்சுட்டு நீங்க எப்போ வருவீங்கன்னு உட்கார்ந்திருக்கிறேனே, அதுலதான் உயிர் போகுது" என்றாள். அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் ஒரு கட்சி. நான் அந்தப் பெட்டிகளுக்குத் தூங்குமூஞ்சிகள் என்று பெயர் வைத்தேன், அதுதான் என்னால் முடிந்த எதிர்ப்பு.

சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்பவன் இல்லை நான். மறுநாளே கடைசி அறைக் கதவைத் திறந்து வைத்தேன். வெளியே நல்ல வெயில், உள்ளே சூடு ஏறுகிறது. இப்போது தூங்குமூஞ்சி அலற வேண்டும் அல்லவா, பார்க்கலாம் என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். திரை பச்சையாக இருந்தது. நின்றேன். பச்சை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பச்சை. சரி, நம் காளானை நாமே வேக வைக்கக்கூடாது என்று திரும்ப ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஈரக்காற்று விடுகிற மெஷினையும் கூட்டி வைத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் திரை செக்கச்செவேலென்று கத்திக்கொண்டிருந்தது. ஐயோ, வேறு ஏதோ ஆகிவிட்டது என்று மறுபடி ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது அறை ஜில்லென்று இருந்தது, நான்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். வேனில் கூடை ஏற்றிக்கொண்டிருந்த உங்கள் மாப்பிள்ளை இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அப்பா, பழைய பேப்பரைப் படிச்சுட்டு இன்னைக்குப் பதறாதீங்க" என்றான். பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா இது.

மருமகள் ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. "ஆமா மாமா, லேட்டாகுது. ஒரு பெட்டி பேசும்போது பக்கத்துப் பெட்டி தூங்கிட்டிருக்கு. அது முழிக்கிற வரைக்கும் செய்தி சுவரோரமா காத்துக்கிட்டு நிக்கணும். ஒவ்வொரு சுவர்லயும் இதே கதை" என்றாள்.

"அப்போ அடிக்கடி எழுப்பு."

"எழுப்பினா பேட்டரி சீக்கிரம் போயிடும்."

"போனா மாத்திட்டுப் போறோம்."

"இங்க மாத்தலாம். மருந்துக் கிடங்குல கூரை உத்தரத்துல தொங்கும் மாமா. யாரு ஏறி ஏறி மாத்துவா?"

"அது அப்புறம். இப்போ என் காளான். நீ எழுப்பு" என்றேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தியும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை உங்கள் பார்வை, சம்பந்தி. டீயைத் தொடாமல் எழுந்தீர்களே, அப்போது பார்த்தது. ஆனால் அவள் எழுந்து போகவில்லை. "பண்ணை உங்களோடது மாமா. எழுப்பறேன். என்ன ஆகுதுன்னு சேர்ந்தே பார்ப்போம்" என்றாள்.

அடுத்து வந்த நாட்கள் எனக்குப் பொற்காலம். தூங்குமூஞ்சிகள் தூக்கத்தை விட்டன, செய்தி கொட்டோ கொட்டென்று கொட்டியது. சமையலறையில் நாற்காலி போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். கடைசி அறையில் ஈரம் ஒரு புள்ளி இறங்கினால் அறிவிப்பேன், ஏறினால் அதையும் அறிவிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, இவ்வளவு தடவை சூடு சொல்கிறீர்களே என்று விசாரித்தார். என் வீட்டுக்காரி, "இவர் உட்கார்ந்த இடத்துல ஒரு மாவு டின்னாவது வச்சிருப்பேன்" என்று பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒருநாள் திரை அமைதியானது. சிவப்பு இல்லை, புதிதாக ஒரு எண்ணும் இல்லை. கடைசியாக வந்த பச்சை அப்படியே நின்றது. நான் என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "பார்த்தியா, ஒரு குறையும் இல்லை, அதான் பேசலை" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகக் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண் பரிசோதித்துக்கொண்டு, வருகிற வழியில் முடியும் வெட்டிக்கொண்டு வந்தேன். வந்தபோது உங்கள் மாப்பிள்ளை கடைசி அறை வாசலில் தலையில் கைவைத்து நின்றிருந்தான். உள்ளே எட்டிப் பார்த்தேன். காளானெல்லாம் நெருப்பில் காட்டின காகிதம்போல ஓரம் சுருண்டு கிடந்தது. ஈரக்காற்று மெஷின் நின்றுபோய் எவ்வளவு நேரமோ.

என்ன நடந்தது என்றால், கடைசி அறைப் பெட்டி தன்னால் முடிந்தவரை கத்தியிருக்கிறது. பக்கத்துப் பெட்டி கேட்டு அடுத்ததற்குச் சொல்லியிருக்கிறது. எல்லாப் பெட்டியும் கடமையைச் செய்திருக்கிறது. சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் அறைப் பெட்டி மட்டும் பேட்டரி தீர்ந்து செத்துப்போயிருந்தது. மற்ற பெட்டிகளுக்குத் தன் செய்தியும் தனக்குப் பின்னால் இருப்பவர்களின் செய்தியும்தான் பாரம். முதல் பெட்டிக்கு எல்லாருடைய செய்தியும் பாரம். அதை நான் வேறு தூங்கவிடாமல் அடித்தேன். என் வீட்டுக்காரி அந்தப் பெட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பாவம், வீட்டுக்கு மூத்த மருமக மாதிரி. எல்லார் பேச்சையும் இவதான் சுமக்கணும், இவளுக்கு என்ன ஆச்சுன்னு கேக்க ஆளில்ல" என்றாள். சொல்லும்போது அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

சம்பந்தி, இந்த வீட்டில் "நான் அப்பவே சொன்னேனே" என்ற வாக்கியத்தை என்னிடம் சொல்லாதவர்கள் கிடையாது. இவள் சொல்வாள், மகன் சொல்வான், தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வருகிறவர்கூட ஒருதடவை சொல்லியிருக்கிறார். இப்போது சொல்ல உங்கள் மகளுக்கு முழு உரிமை இருந்தது. ஒரு அறைக் காளான் போய்விட்டது. மருந்துக் கிடங்குக்காரர்களுக்கு இந்தச் செய்தி எட்டினால் அவள் வேலையும் போய்விடும். அவள் கூடையை எடுத்து வந்து, கருகினதை அள்ளிப் போட்டுக்கொண்டே, "இங்க நடந்துச்சே, நல்லதாப் போச்சு மாமா. இதே கிடங்குல நடந்து மருந்து கெட்டுப்போயிருந்தா, யாரோ ஒரு நோயாளிக்கு அது போயிருக்கும்" என்றாள். கிடங்குக்காரர்களுக்கும் நடந்ததை மறைக்காமல் தானே போன் போட்டுச் சொல்லி, சரிசெய்யக் கொஞ்சம் அவகாசம் கேட்டாள். அப்போதே உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், வெட்கத்தில் பேனா ஓடவில்லை.

பிறகு அவள் ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அறைகளுக்கு வெளியே நடையில் உட்கார்ந்தாள். மடியில் லேப்டாப், சுற்றிலும் திறந்த பெட்டிகள். டீ கொண்டுபோய் வைத்தால் அது அங்கேயே ஆறியது, டீயை ஆறவிடுவது உங்கள் பரம்பரை வழக்கம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் சாயங்காலம் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டாள். "மாமா, தூக்கத்தைக் குறைக்க வேண்டாம். எழுந்திரிக்கிற வரிசையை மாத்தினா போதும்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். எங்களை நடையில் வரிசையாக நிறுத்தினாள். கடைசி அறை வாசலில் நான், அடுத்து மகன், அடுத்து இவள், சமையலறை வாசலில் மருமகள். என் கையில் ஒரு காளான் தட்டு.

"முதல்ல பழைய மாதிரி. எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. அவங்கவங்களுக்குத் தோணும்போது ஒரு நிமிஷம் திறங்க, திரும்ப மூடிக்கோங்க. எதிர்ல கண்ணைத் திறந்திருந்தா மட்டும்தான் தட்டைக் குடுக்கணும்."

நான் கண்ணைத் திறந்தால் மகன் மூடியிருக்கிறான். அவன் திறந்தபோது நான் மூடியிருந்தேனாம். ஒருவழியாக அவன் கைக்குத் தட்டு போனது, அவன் தன் அம்மாவிடம் நீட்டினால் அவள் கண்ணை மூடிக்கொண்டு, இதுதான் சாக்கு என்று நிஜமாகவே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தாள். தட்டு சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நின்று நின்று கால் மரத்துவிட்டது.

"இப்போ புது மாதிரி. முதல்ல மாமா திறக்கணும். நீங்க குடுக்கிற நேரத்துக்குச் சரியா இவர் திறக்கணும், இவர் திரும்பற நேரத்துக்கு அத்தை திறக்கணும். குடுத்தவுடனே மூடிக்கலாம்." கையைத் தட்டித் தாளம் சொன்னாள். தட்டு என் கையை விட்டது தெரியும், அடுத்துப் பார்த்தால் அது சமையலறை வாசலில் இருந்தது. நாங்கள் எல்லாரும் அசந்துபோய் நின்றோம். "பாருங்க மாமா, யாரும் முன்னைவிட ஒரு நொடிகூட அதிகமா முழிச்சிருக்கலை" என்றாள். என் வீட்டுக்காரி, "இந்த வீட்டுல எல்லாரும் இப்படி வரிசையா எழுந்திருச்சா, காலையில ஒரு பாத்ரூமே போதும்" என்றாள்.

இன்னும் கேளுங்கள். முதல் அறையில் ஒற்றைப் பெட்டிக்குப் பதிலாகக் கூடுதலாகச் சில பெட்டிகள் மாட்டி, முறை வைத்துச் சுமக்க விட்டாள். சாதாரணச் செய்திகளைத் தனித்தனியாக அனுப்பாமல் சேர்த்துவைத்து ஒரே மூட்டையாக அனுப்பச் செய்தாள். ஆபத்துச் செய்தி என்றால் மூட்டைக்குக் காத்திருக்காது, அடுத்த தாளத்திலேயே கிளம்பிவிடும். நான் விடாமல், "அப்பவும் சாதாரணச் செய்தி லேட்டாத்தானே வருது?" என்று கேட்டேன். "லேட்டாத்தான் மாமா வரும். எவ்வளவு லேட்டா வந்தா கெடுதல் இல்லையோ, அவ்வளவு லேட்டா வரும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை" என்றாள். நான் இத்தனை வயதுக்கு எதையும் உடனே கேட்டு, உடனே சொல்லி, உடனே பதறி வாழ்ந்தவன். அவள் சொன்னது எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

கடைசியாக ஒன்று சேர்த்தாள், அதைச் சொல்லத்தான் இவ்வளவும். "திரை அமைதியா இருந்தப்போ நீங்க என்ன நினைச்சீங்க மாமா?" என்று கேட்டாள். எல்லாம் நல்லா இருக்கு, அதனால் பேசவில்லை என்று நினைத்தேன் என்றேன். "நல்லா இருக்கிறதும் அப்படித்தான் இருக்கும், தூங்கறதும் அப்படித்தான் இருக்கும், செத்துப்போனதும் அப்படித்தான் இருக்கும். வெளியில இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது. தப்பு உங்க மேல இல்ல, என் பெட்டி மேல" என்றாள். இப்போது சொல்வதற்கு ஒன்றும் இல்லாத பெட்டியும் அவ்வப்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லும். திரையில் "இருக்கேன்" என்று வரும். அது வரவில்லை என்றால் அந்த அறை மஞ்சளாகிவிடும், போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குப் பேட்டரி அதிகம் ஆவதில்லையாம்.

இது நடந்த அன்றைக்குச் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், "அப்பாகிட்ட பேசினியாம்மா?" என்று கேட்டேன். "அவரும் பேசலை, நானும் பேசலை. பேசலைன்னா நல்லாத்தான் இருப்பாரு மாமா" என்றாள். "அதே நினைப்புலதாம்மா கடைசி ரூம் காளான் போச்சு" என்றேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். கையைக் கழுவிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையில் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவளும் வேலையிலேயே மூழ்கிவிட்டாள். தினமும் சாப்பிட்டதும் போனை எடுத்துக்கொண்டு கூடைகளுக்குப் பின்னால் போய்விடுகிறாள், பேட்டரிக் கம்பெனிக்காரனிடம் பேசுகிறாள் என்று நினைக்கிறேன். ஒரு நேரம் சண்டை போடுகிறாள், ஒரு நேரம் சிரிக்கிறாள். "உங்க கணக்கு தப்பு, திரும்பப் போட்டுப் பாருங்க" என்று அவள் சொன்னதை நானே கேட்டேன். அந்த ஆள் தொழில் தெரியாத மண்டு என்பது பேச்சிலேயே தெரிகிறது, எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாளோ.

சம்பந்தி, நீங்கள் ஊருக்கு வெளிச்சம் கொடுத்தவர், அதை யாரும் மறுக்கவில்லை. கரண்ட் வீணாகாமல், வேண்டிய இடத்துக்கு, வேண்டிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதுதானே உங்கள் தொழில்? அவளும் அதைத்தான் செய்கிறாள். என்ன, நீங்கள் ஊர் அளவுக்குச் செய்ததை அவள் சட்டைப் பட்டன் அளவுக்குள் செய்கிறாள், அது எனக்கென்னவோ இன்னும் கஷ்டமான வேலையாகத் தெரிகிறது. வந்து பாருங்கள். கடைசி அறையிலிருந்து சமையலறை வரைக்கும் செய்தி ஓடிவருகிற அழகை ஒருதடவை பாருங்கள், பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். வர முடியாது என்றால், குறைந்தபட்சம் அவளுக்கு ஒரு "இருக்கேன்" சொல்லுங்கள். நீங்கள் தனியாக இருக்கிற மனுஷன். உங்கள் திரை இவ்வளவு நாள் அமைதியாக இருந்தால், அவள் வெளியே காட்டாவிட்டாலும், எனக்கு அது மஞ்சளாகத்தான் தெரிகிறது. மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பூனைக்கு என் அன்பையும், உங்களுக்கு என் மரியாதையையும் தெரிவித்து, உங்கள் கோபத்துக்கு நீண்ட ஓய்வை வேண்டி முடிக்கிறேன்.

முழங்கால் மடங்காவிட்டாலும் மனசு மடங்கிய நிலையில்,
உங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் எனக்கே செய்தி இப்போதுதான் வந்தது. உறையில் போடுவதற்கு முன்னால் கடிதத்தை என் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். பேட்டரிக் கம்பெனிக்காரன் வந்த இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள், புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

"அன்னைக்கு அவ சாப்பாட்டுலேர்ந்து எழுந்து போனாளே, என்ன பண்ணினான்னு நினைச்சீங்க?" என்று கேட்டாள்.

"அழுதிருப்பா."

"அவங்க அப்பாவுக்கு 'இருக்கேன்'னு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினா. பதில் வர்ற வரைக்கும் அவ உசிரு அவகிட்ட இல்ல. அவர் 'நானும்'னு அனுப்பினார். அப்புறம்தான் அழுதா. அன்னையிலேர்ந்து தினமும் அப்பாவும் பொண்ணும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்க மண்டுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த மனுஷன்கிட்டதான்."

டிக்கெட் எடுத்துவிட்டீர்களாம். மாடி அறையில் உங்களுக்குப் படுக்கையும், பூனைக்கு ஒரு கூடையும் தயாராக இருக்கிறதாம். மாடிக்குத் துணியெல்லாம் ஏறியதை நானே பார்த்தேன், வெயிலில் காயப்போடப் போகிறார்கள் என்று நினைத்தேன். மகனுக்குத் தெரியும். வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியும். "எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? கிளம்பியாச்சா, பெட்டி கட்டியாச்சா, பூனை சாப்பிட்டுச்சான்னு தினமும் அவருக்குப் போன் போடுவீங்க. ரெண்டு பேருக்குமே பேட்டரி போயிடும். மாமாவுக்கு எவ்வளவு லேட்டா சொன்னா கெடுதல் இல்லையோ, அவ்வளவு லேட்டா சொல்லலாம்னு மருமகதான் சொன்னா" என்றாள்.

கோபம் வரவில்லை சம்பந்தி. யோசித்துப் பார்த்தால் மருமகள் கணக்கு இங்கேயும் சரியாகத்தான் இருக்கிறது. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் உங்கள் மகளைப் பற்றி இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன், அவள் தன் வாயால் இதையெல்லாம் உங்களிடம் சொல்ல மாட்டாள். அதற்காக அனுப்புகிறேன், மண்டு என்று எழுதியதை மட்டும் தாண்டிப் படியுங்கள். வாருங்கள். வருகிற வழியில் வண்டி எங்கேயாவது நின்றால் எனக்கும் ஒரே ஒரு வார்த்தை அனுப்புங்கள். நான்தான் இந்த வீட்டின் கடைசி அறை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

நானும் இருக்கேன்.